நரி என்ன தின்றது

ஒரு தை மாதக் காலையில் அம்மாவின் டீ வடிகட்டி அடுப்படியிலிருந்து காணாமல் போனது. பால் பொங்கி, தூள் போட்டு, இறக்கி வைத்துவிட்டு அம்மா கை நீட்டினால் ஆணியில் அது இல்லை. என்னைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னாள். நான் கொல்லைப்பக்கம் போனபோது அக்கா குழாயடியில் முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வடிகட்டி அவள் கையில் இருந்தது. அதற்குள், தண்ணீரில் ஊறி நெகிழ்ந்த ஒரு நரியின் எச்சம். குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டு அதை விரலால் மெல்லக் கலைத்துக்கொண்டிருந்தாள். மண்ணும் சேறும் ஓடியபின் வலையில் தங்கியவற்றை ஒரு வெள்ளைத் தட்டில் தட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு கொத்து ரோமம், நெல்மணி அளவுக்கு ஒரு பல், பளபளவென்று வண்டின் சிறகு, நான்கைந்து இலந்தைக் கொட்டை. பின்னால் வந்து நின்ற அம்மா தட்டையும் வடிகட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, “ஏன்டி, டீ வடிகட்டுறதுலயா நரிப்பீய அலசுற?” என்றாள். “புதுசு வாங்கித் தரேம்மா” என்றாள் அக்கா, தலை நிமிராமல். அந்த வடிகட்டி அதற்குப்பின் வீட்டுக்குள் வரவில்லை. அன்று எல்லாரும் துணியில் வடிகட்டிய டீயைத்தான் குடித்தோம்.

அக்கா அப்போது அரியலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருந்தாள். முதலாமாண்டு மாணவர்களுக்குச் சூழலியல் பாடம் நடத்துவாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். தாத்தா காலத்தில் எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் களை பறித்தும்தான் பிழைப்பு. அப்பா சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு லோடு ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஊருக்கு மேற்கே ஒரு துண்டுக் கரிசல் காடு வாங்கினார். பிறகு வெள்ளாடுகள் வாங்கினார். காடு சோறு போட்டது, ஆடுகள் அக்காவையும் என்னையும் படிக்க வைத்தன. கல்லூரிக் கட்டணம் கட்டும் பருவம் வரும்போதெல்லாம் பட்டியில் ஒரு கிடா குறையும். இதை அப்பா ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனாலும் ஆட்டுப்பட்டி என்பது எங்களுக்கு வெறும் பட்டி இல்லை என்று நாங்கள் இருவரும் நன்றாகவே அறிந்திருந்தோம்.

எங்கள் காட்டுக்கு அப்பால் ஒரு பழைய சுரங்கப் பள்ளம் உண்டு. ஊரில் அதை மைன்ஸ் பள்ளம் என்பார்கள். கல் எடுத்து முடித்து எந்தக் காலத்திலோ விட்டுவிட்டுப் போன இடம். அடியில் பச்சை நிறத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். கரை முழுக்கச் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கும். அந்தப் புதருக்குள் நரிகள் இருந்தன. பொழுது சாயும் நேரத்தில் ஒன்று ஊளையிட்டால் நாலாபக்கமும் பதில் வரும். யாரும் அவற்றைப் பெரிதாக எண்ணியதில்லை. அந்த வருடம்தான் ஆடுகள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் குட்டிகள். பிறகு ஒருநாள் எங்கள் பட்டியிலேயே ஒரு சினை ஆடு. மேய்ச்சலுக்குப் போனது திரும்பவில்லை. மறுநாள் பள்ளத்துக் கரையில் கிடைத்தது தலையும் கொஞ்சம் தோலும்தான். அப்பா அதை ஒரு சாக்கில் போட்டு எடுத்துவந்து தென்னைமரத்தடியில் புதைத்தார். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. இன்னும் பத்து நாளில் ஈன வேண்டிய ஆடு அது.

எங்கள் தெருமுனையில் கோழிக்கடை வைத்திருந்தவரை நாங்கள் ஊர்முறைக்குச் சித்தப்பா என்போம். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய குட்டிகளும் இரண்டு போயிருந்தன. எங்கள் வீட்டு வாசலில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தபோது அவர்தான் சொன்னார். “கடையில கொடலு எவ்ளோ வேணா இருக்கு. பயிருக்குப் போடுற குருணை மருந்தைக் கலந்து பள்ளத்தைச் சுத்திப் போட்டுட்டா ஒரே வாரத்துல கத முடிஞ்சிரும்ணே.” எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அதிகம் இழந்தவர் அவர். அவர் தலையசைத்தால் போதும். அப்போது உள்ளேயிருந்து அக்கா வந்து, “கொஞ்சம் இருப்பா” என்றாள். நரியைக் கொல்வது சட்டப்படி குற்றம், வனத்துறைக்குத் தெரிந்தால் வழக்காகும் என்று அவள் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது தெரியும். சொல்லவில்லை. “நரிதான் தின்னுச்சுன்னு எப்புடித் தெரியும்?” என்று மட்டும் கேட்டாள். அப்பா அவளைத் திருப்பிக் கேட்டார். “திங்கலைன்னு உனக்கு எப்புடித் தெரியும்?”

“தெரியாது. பாத்துட்டுச் சொல்றேன்.”

சித்தப்பா சிரித்தார். பஞ்சாயத்துத் தலைவராக இருந்த பெரியம்மா ஒருத்தர், அவரும் அங்கே நின்றிருந்தார், சிரிக்கவில்லை. “மாசி மகம் வரைக்கும் பொறுத்துப் பாப்போம். படிச்ச புள்ள சொல்லுது” என்று முடித்தார். அதற்குள் ஒரு ஆடு போனாலும் பேச்சுக்கு இடமில்லை என்று யாரோ சொன்னார்கள். அக்கா சரி என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் கல்லூரிக்குக் கிளம்புமுன் அவள் பள்ளத்துக் கரைக்குப் போனாள். அம்மா தனியாக விடமாட்டேன் என்றதால் நானும் போனேன். நான் அப்போது பி.காம். முடித்துவிட்டு வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். நரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நரி ஒளிந்து கழிக்காது, பாதையோரத்துக் கல்லின் மேலோ மேட்டிலோ, மற்ற நரிகள் பார்க்கும்படி விட்டுப்போகும் என்று அவள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். கண்டதையெல்லாம் அவள் எடுக்கவில்லை. பக்கத்தில் ஈர மண்ணில் கால்தடம் இருக்கிறதா, நரி தங்கும் புதருக்குப் போகும் தடத்தில் கிடக்கிறதா என்று பார்ப்பாள். சந்தேகமென்றால் விட்டுவிடுவாள். புதிதானாலும் முன்பே காய்ந்து கிடந்ததானாலும், எடுத்தவற்றைத் தனித்தனிக் காகித உறைகளில் போட்டு மொட்டை மாடியில் காயவைப்பாள். இன்னொன்றும் செய்தாள். பள்ளத்தைச் சுற்றித் திரியும் நாய்களின் எச்சத்தையும் அதே மாதிரி சேர்த்தாள். “நரியை மட்டும் பாத்தா, நரியைப் பத்தி மட்டும்தான் தெரியும்” என்றாள்.

அலசி எடுத்த ரோமத்தைக் கண்ணால் பார்த்து இன்னதென்று சொல்ல முடியாது. அதற்காக அவள் எங்கள் ஆடுகளிடமிருந்தும், வயலில் செத்துக் கிடந்த எலியிடமிருந்தும், அணில், முயல், நாய் என்று கிடைத்த எல்லாவற்றிடமிருந்தும் ஒரு சிட்டிகை ரோமம் கத்தரித்துக் கண்ணாடித் துண்டுகளில் ஒட்டி வைத்துக்கொண்டாள். கல்லூரியில் வகுப்பு முடிந்த மாலைகளில் நுண்ணோக்கியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பாள். ஒருநாள் என்னையும் கூட்டிப்போய்க் காட்டினாள். எலி ரோமத்தின் நடுவில் ஏணிப்படி மாதிரி கட்டங்கள் அடுக்கடுக்காக ஏறிப்போயின. ஆட்டு ரோமத்தில் நடுப்பகுதி அகலமாக, வலை பின்னியது போல இருந்தது. எங்கள் பட்டியில் தினமும் கையில் ஒட்டும் ரோமத்துக்குள் இப்படி ஒன்று இருக்கிறதென்று அன்றுதான் பார்த்தேன். அக்கா பக்கத்தில் நின்று, நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தாள். கடைசி பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று எனக்குத்தான் கவலை.

நரிகளின் எச்சத்தில் பெரும்பாலும் எலிதான் இருந்தது. மக்காச்சோளக் காட்டு எலி. கூடவே வயல் நண்டின் ஓடு, வண்டு, இலந்தைக் கொட்டை, ஈச்சங்கொட்டை, சில இடங்களில் மயில் முட்டையின் ஓடு. ஆட்டு ரோமமும் இருந்தது. அதை முதலில் பார்த்த அன்று அக்கா சீக்கிரமே படுத்துவிட்டாள். மறுநாள் அதே மாதிரிகளைத் திரும்ப அலசிப் பார்த்தபோது, ரோமத்தோடு சேர்ந்து ஈப்புழுக்களின் காய்ந்த தோல்கள் கிடைத்தன. “செத்துக் கெடக்குற உடம்புலதான் ஈ முட்ட வெக்கும், புழு வரும். அந்தப் புழுவோட சேத்துத் தின்னிருக்கு. அப்ப நரி போறப்பவே ஆடு செத்துத்தான் கெடந்திருக்கு” என்றாள். ஊரில் நோய் வந்து செத்த ஆடுகளைப் பள்ளத்துக் கரையில்தான் வீசுவார்கள். நாங்களும் வீசியிருக்கிறோம். எச்சம் சொல்வது தின்றதைத்தான், கொன்றதை இல்லை என்று தன் மாணவர்களுக்குப் பாடத்தில் சொல்வாளாம். ஆனால் இரண்டு மாதிரிகளில் புழுத்தோல் இல்லை. வெறும் குட்டி ரோமம் மட்டும். அந்த இரண்டையும் அவள் எத்தனையோ முறை பார்த்தாள். ஒன்றும் புதிதாக வரவில்லை.

நாய்களின் எச்சத்தில் சோறும் கோழி இறகும் மண்டிக் கிடந்தன. சித்தப்பாவின் கடைக் கழிவைக் கொட்டும் இடம் பள்ளத்துக்குப் போகும் பாதையில்தான் இருந்தது. அதைத் தின்னத்தான் நாய்கள் கூட்டமாக அங்கே சேர்ந்திருந்தன. ஆட்டு ரோமம் நரிகளிடம் கிடைத்ததைவிட நாய்களிடம் அதிகம்; பலவற்றில் புழுவின் அடையாளமே இல்லை. அவற்றில் ஒன்றில் ஒரு குட்டியின் பிஞ்சுக் குளம்பு இருந்தது. அந்த மாதிரியை அக்கா எங்கள் காட்டு மோட்டார் கொட்டகைக்குப் பின்னாலிருந்து எடுத்திருந்தாள். அங்கே வேறு நாய் வராது. எங்கள் மணிதான் படுக்கும். அந்த மாதம் வீட்டில் கறியே எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் கறியில் ரோமம் ஏது, குளம்பு ஏது?

அம்மா அதைக் கேட்டதும் கதவைச் சாத்தினாள். “மத்ததெல்லாம் சொல்லு. நம்ம நாய மட்டும் விட்டுறேன். ஊரு ஒங்கப்பாவ என்ன பேசும்?” அக்கா கையிலிருந்த உறையை மடித்துப் பைக்குள் வைத்தாள். “அத விட்டா மத்ததும் பொய்யாயிடும்மா” என்றாள். பிறகு காட்டுக்குப் போய் அப்பாவிடம் தானே சொன்னாள். நான் வரப்பில் தள்ளி நின்றேன். அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுவதும் கேட்டார். மணி அவர் காலடியில் படுத்திருந்தது. அவர் ஊரில் சொல்லலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மடை மாற்றப் போய்விட்டார்.

அதுவரை ஆடு எதுவும் போகவில்லை. மாசி மகத்துக்கு முந்தின மாலை, மாரியம்மன் கோவில் முன்னால் ஊர் கூடியது. அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா கீழே கிடந்த ஒரு சுண்ணாம்புக்கல்லை எடுத்து சிமெண்டு ரோட்டிலேயே எழுத ஆரம்பித்தாள். நடுவில் நரி. ஒரு பக்கம் நாய். சுற்றிலும் மக்காச்சோளம், எலி, நண்டு, இலந்தை, மயில் முட்டை, செத்த ஆடு, கோழிக்கடை. பிறகு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி போட்டாள். சோளத்திலிருந்து எலிக்கு, எலியிலிருந்து நரிக்கு. முன்னால் இருந்த ஒரு ஆயா, “என்னாத்தா, அம்பு திரும்பிக் கெடக்கு? நரிதான எலி மேல பாயுது” என்றார். “பாயுறதுக்கு இல்லீங்க ஆயா. சோறு எங்கேருந்து எங்க போவுதுன்னு காட்டத்தான்” என்றாள் அக்கா. ஆயா புரிந்துகொண்டு தலையாட்டினார். ஒரே நேர்க்கோடாக இருக்கும் என்று நினைத்திருந்தவர்கள், அங்கே ரோடு முழுக்கக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடியதைக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

தான் கண்டதை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எலியைச் சொன்னபோது மக்காச்சோளம் போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மயில் முட்டையைச் சொன்னபோது, மயில் மேய்ந்து பயிர் போன ஒருவர் பின்னாலிருந்து, “அது ஒண்ணு நல்ல காரியம்” என்றார். புழுவைப் பற்றிச் சொன்னாள். பிறகு நாய்களைப் பற்றி.

“அப்ப நரி ஆட்டத் தொடவே இல்லங்கிற?” என்றார் சித்தப்பா.

“அப்புடிச் சொல்லமாட்டேன் சித்தப்பா. ரெண்டுல புழு இல்ல. குட்டியக் கொன்னுச்சா, செத்த ஒடனே தின்னுச்சான்னு எனக்குத் தெரியல. கொன்னுருக்கலாம்.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அதை ஒளித்திருந்தால் எளிதாக ஜெயித்திருப்பாள். அவள் அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, “நாய்ங்க அதவிட அதிகமா தின்னுருக்கு. அதுல எங்க வூட்டு நாயும் ஒண்ணு” என்றாள். எல்லாத் தலைகளும் அப்பா பக்கம் திரும்பின. அப்பா துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு ரோட்டில் இருந்த கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப என் கடைதான் காரணமா?” என்றார் சித்தப்பா. குரல் இறங்கியிருந்தது.

“கடை மட்டும் இல்லீங்க. செத்த ஆட்ட அங்கதான் நாம எல்லாரும் போடுறோம். சோறு கெடக்குற எடத்துக்கு எல்லாம் வருது. நரியும் வருது, நாயும் வருது.” அவள் கல்லை எடுத்து, கோழிக்கடையிலிருந்து கிளம்பிய அம்பின் மேல் இன்னொரு முறை அழுத்திக் கோடு போட்டாள். “நீங்க கொடல்ல மருந்து வெச்சா, மருந்தும் இதே அம்பு வழியாத்தான் போவும். நரிக்கு மட்டும் போவாது. நாய்க்கு, காக்காய்க்கு, பருந்துக்கு. மழ பேஞ்சா பள்ளத்துத் தண்ணிக்கு. அதத்தான நம்ம ஆடு குடிக்குது?”

யாரும் கைதட்டவில்லை. எங்கள் ஊரில் அப்படிப் பழக்கமும் இல்லை. அப்பா எழுந்து, “என் நாய நான் இன்னைலேருந்து கட்டிப்போடுறேன். மருந்து வேணாம்” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். அதிகம் இழந்தவர் அவரே சொன்னபின் மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். செத்த ஆடுகளைக் குழிதோண்டிப் புதைப்பது, கடைக் கழிவை மண்போட்டு மூடுவது என்று பேசி முடித்தார்கள். சித்தப்பா ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. எட்டாம் நாள் பொக்லைன்காரர் ஒருவரைக் கூட்டிவந்து கடைக்குப் பின்னால் ஆழமாக ஒரு குழி எடுத்தார். அக்காவைக் கூப்பிட்டு, “இது போதுமா பாரு” என்று கேட்டார். அவள் எட்டிப் பார்த்து, போதும் சித்தப்பா என்றாள்.

ஆடு காணாமல் போவது அதோடு அடியோடு நின்றுவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். நிற்கவில்லை, குறைந்தது. அடுத்த வருடமும் ஒரு குட்டி போனது, எதனிடம் என்று தெரியாது. நாய்க்கூட்டம் மெல்லக் கலைந்தது. நரிகள் இன்னும் பள்ளத்தில் இருக்கின்றன. நான் இப்போது பெரம்பலூரில் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போகும் சனிக்கிழமைகளில் அவற்றின் சத்தம் கேட்கும். அதைக் கேட்கும்போதெல்லாம், அவற்றின் உயிருக்காக நின்றவள் என் கூடப் பிறந்தவள் என்று நினைத்துக்கொள்வேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

அக்கா அதையே முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டாள். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துச் சுரங்கப் பள்ளங்களிலும் மக்காச்சோளக் காடுகளிலும் நரிகள் என்ன தின்கின்றன என்பதுதான் ஆய்வு. பாடம் நடத்திக்கொண்டே, கல்யாணம் கட்டி, ஒரு பிள்ளையும் பெற்று அதை முடித்தாள். சென்ற ஆண்டு திருச்சியில் வாய்மொழித் தேர்வு நடந்தது. யாரும் வந்து உட்காரலாம் என்றதால் நாங்கள் எல்லாரும் போனோம். அப்பா சலவை வேட்டி சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் ஓடிய இங்கிலீஷ் அவருக்குப் புரியாது. ஆனால் அம்புக்குறி போட்ட படம் வந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தன் கேள்விகளை முடித்துவிட்டு, வழக்கப்படி, அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார். அப்பா எழுந்தார்.

“நான் கேக்கலாங்களா?”

“தாராளமா கேளுங்க” என்றார் தேர்வாளர்.

அப்பா அக்காவைப் பார்த்தார். “மழ இல்லாத வருஷம் சோளம் வெளையாது. எலி கொறையும். அப்ப நரி ஆட்டுக்குத்தான வரும்?”

வீட்டில் நாங்கள் அப்பாவை நீ என்றுதான் பேசுவோம். அக்கா மைக்கைச் சரிசெய்துகொண்டு, “நீங்க கேக்குறது நடக்கலாம்” என்றாள். “ஆனா நான் வேலை செஞ்ச வருஷங்கள்ல அப்படி ஒரு வறட்சி வரலை. அதனால எனக்குத் தெரியாது. வந்தா பாத்துத்தான் சொல்லணும்.”

“சரிங்க” என்று அப்பா உட்கார்ந்தார். தேர்வாளர் அக்காவின் வழிகாட்டியைப் பார்த்துத் தலையசைத்தார். அக்காவுக்குப் பட்டம் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. லால்குடி தாண்டியபின் மெல்ல ஆரம்பித்தாள். “ஏங்க, அத்தன பெரிய மனுசங்க இருக்குற எடத்துல போய்ப் புள்ளகிட்டக் கேள்வி கேக்கலாமா? தெரியாதுன்னு சொல்ல வெச்சிட்டீங்களே.”

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “தெரியாததத் தெரியாதுன்னுதான் சொல்லுவா. அது எனக்குத் தெரியும். அவங்க காதுலயும் விழட்டும்னுதான் கேட்டேன்.”